பதினாறு புள்ளி

காலை ஐந்தே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்தின் இன்ஜினைச் சூடேற விட்டுவிட்டு மார்னி முதலில் பார்ப்பது கைப்பேசியைத்தான். முன்கண்ணாடியில் உறைந்திருக்கும் பனி இளகுவதற்குப் பத்து நிமிடமாவது ஆகும். அந்தப் பத்து நிமிடமும், ஒருவரை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்று சொல்லும் கடன் மதிப்பெண்ணைக் காட்டும் செயலிக்கு. சிவப்பில் தொடங்கிப் பச்சையில் முடியும் ஒரு வளைவு, அதன்மேல் ஒரு முள், முள்ளுக்குக் கீழே எண். அறுநூற்று அறுபத்தெட்டு.

எண் ஏறியிருந்தால் அவளுக்கு மூச்சு சீராக வரும். இரண்டு புள்ளி குறைந்திருந்தால் போதும், நேற்று என்ன செய்தோம் என்று தேட ஆரம்பித்துவிடுவாள். மருந்துக் கடையில் அட்டையை இரண்டு முறை தேய்த்தோமே, அதுவா? மகள் ஜூனிக்குக் காலணி வாங்கியதா? பதில் கிடைக்காது. சிறு வயதில் ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுத்த கடவுளுக்குக்கூட அவள் இவ்வளவு பயந்ததில்லை. அவராவது எதற்குக் கோபம் என்று சொல்லிவிடுவார்.

போன கோடையில் காருக்கு வாங்கிய கடனின் கடைசித் தவணையைக் கட்டினாள். அன்று மாலை அவளும் ஜூனியும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் எண் பதினெட்டு புள்ளி இறங்கியிருந்தது. எட்டாம் எண் பேருந்து ஓட்டும் ரஸ்ஸலிடம் காட்டினாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏம்மா, வட்டி கட்டுற வரைக்கும்தான் அவனுக்கு நீ நல்லவ. கடன் அடைஞ்சு போச்சுன்னா உங்கிட்ட அவனுக்கு என்ன வேல? இன்னொரு கடன் வாங்கு, திரும்பவும் சிரிப்பான்."

"சிரிக்காதீங்க ரஸ்ஸல். எனக்கு ஒரு வீடு வேணும்."

வீடு என்றால் புது வீடு அல்ல. ஆறு வருடமாக அவளும் ஜூனியும் வாடகைக்கு இருக்கும் அதே மஞ்சள் வீடு. சொந்தக்காரர் ஸ்டாம்பா, மனைவி இறந்தபின் ஃப்ளோரிடாவில் மகளோடு போய் இருக்கப்போகிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்: "வர்ற ஜனவரி கடைசி வரைக்கும் ஒனக்காக வெச்சிருக்கேன் மார்னி. அதுக்கப்புறம் முடியாது. வீடு வாங்கி வாடகைக்கு விடுற கம்பெனிக்காரன் கையில காசோட நிக்கிறான்."

அந்தக் கம்பெனி அவர்கள் தெருவில் ஏற்கெனவே மூன்று வீடுகளை வாங்கியிருந்தது. வாங்கிய மூன்றாம் மாதம் வாடகை ஏறியது. எதிர்வீட்டுப் பெண் இரண்டு பிள்ளைகளோடு நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் வாரக் கணக்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அந்தப் பிள்ளைகளை மார்னிதான் இப்போது மோட்டல் வாசலில் ஏற்றிக்கொள்கிறாள். பேருந்துக் கதவு திறக்கும்போது அவர்கள் பின்னால் தெரியும் அறையை அவள் பார்ப்பதில்லை. பார்த்தால் அங்கே ஜூனியின் படுக்கை தெரிந்துவிடும்.

காலைச் சுற்றுக்கும் பிற்பகல் சுற்றுக்கும் இடையில் அவள் கடன் அலுவலகத்துக்குப் போனாள். டீட்ரா என்ற அந்த அலுவலர் கனிவான பெண். மேசைமேல் ஒரு கிண்ணத்தில் மிட்டாய் வைத்திருந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை மார்னி கவனித்தாள்.

"அறுநூத்தி நாலு," என்றாள் டீட்ரா. "எங்களுக்கு அறுநூத்தி இருவது வேணும். பதினாறு புள்ளி குறையுது."

"இல்லங்க, அறுநூத்தி அறுவத்தெட்டு. காலையிலதான் பாத்தேன்." கைப்பேசியை நீட்டினாள்.

டீட்ரா அதை வாங்கிப் பார்க்கவில்லை. "அது வேற கணக்கு மார்னி. போன்ல வர்றது நீங்க பாக்குறதுக்கு. வீட்டுக் கடனுக்கு நாங்க பாக்குறது வேற."

"அப்போ எது நெசம்?"

"எல்லாமே நெசந்தான். எங்களுக்கு வேண்டியது இது."

மூன்று வருடமாக ஒவ்வொரு காலையும் பயந்து பயந்து பார்த்தது இவர்கள் யாரும் பார்க்காத ஒரு எண்ணை. மார்னி நீட்டிய கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

"இது ஒண்ணுதான் இடிக்குது," என்று டீட்ரா திரையைத் திருப்பினாள். "கரண்ட் பில். எண்ணூத்தி பன்னெண்டு டாலர். கட்டாம விட்டதால வசூல் கம்பெனிக்கு வித்துட்டாங்க. அவங்க போன மாசம்தான் பதிவு பண்ணிருக்காங்க. விலாசம் பதினாலு, பார்னெட் லேன்."

"அது என் வீடு இல்ல," என்று மார்னி சொல்லி முடிப்பதற்குள் அது யார் வீடு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அம்மாவின் வீடு.

பதினெட்டு வயதில் முதல் கைப்பேசி வாங்கப் போனபோது கடைக்காரன் இப்படித்தான் திரையைத் திருப்பினான். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோதிலிருந்தே அம்மா அவள் பேரில் கரண்ட் இணைப்பு வாங்கிப் பாக்கி வைத்திருந்தாள். ஒன்பது வயதில் எரிவாயு. இரண்டு வருடம் உணவகத்தில் தட்டு சுமந்து அதையெல்லாம் கட்டி முடித்தாள். அம்மா அழுதாள். இனிமேல் செய்யவே மாட்டேன் என்றாள். மார்னி நம்பினாள், ஏனென்றால் அழுதவள் அம்மா.

"இப்பவே கட்டிடறேன்," என்று பையைத் திறந்தாள். முன்பணத்துக்கென்று சேர்த்ததில் எடுத்தாலும் சமாளித்துவிடலாம்.

"கட்டுறது உங்க இஷ்டம். ஆனா நம்பர் ஏறாது." டீட்ரா குரலைத் தாழ்த்தினாள். "நாங்க பாக்குற கணக்குல, கட்டினாலும் கட்டலன்னாலும் அந்தக் கறை ஏழு வருஷம் அப்படியே இருக்கும். இப்ப கட்டுனா தேதி புதுசாகி இன்னும் ரெண்டு புள்ளி எறங்கினாலும் எறங்கும்."

"கட்டுனா எறங்குமா?"

"சில சமயம்."

"பின்ன எதுக்குத்தாங்க ஏறும்?"

"அது உங்களோடது இல்லன்னு ஆனா ஏறும்." டீட்ரா ஒரு படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். நீட்டவில்லை, வைத்தாள். "வேற யாரோ உங்க சமூகப் பாதுகாப்பு நம்பர எடுத்துப் போட்டாங்கன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்கன்னா, நாலு வேலை நாளுக்குள்ள அத தூக்கியே ஆகணும். சட்டம். நான் எதையும் செய்யச் சொல்லல. இப்படி ஒரு வழி இருக்குன்னு மட்டும் சொல்றேன்."

காரில் உட்கார்ந்து மார்னி படிவத்தைப் படித்தாள். ஐந்தாவது கேள்வியில் நின்றாள். இதைச் செய்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் பெயர், உறவு.

பணத்தைக் கட்டுகிறேன் என்றால் அந்த எண்ணுக்குப் பொருட்டில்லை. பெற்றவளைத் திருடி என்று எழுதிக் கொடுத்தால் ஏறும். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஏதோ ஒரு கை தன் சட்டைக் காலரைப் பிடித்து மெதுவாக ஒரு பக்கம் திருப்புவது போல இருந்தது.

அம்மா டார்லா கதவைத் திறந்தபோதே பீன்ஸ் சூப்பின் வாசனை வந்தது. உள்ளே சாய்வு நாற்காலியில் விர்ஜில். அம்மாவின் இரண்டாம் கணவர், நாற்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்த மனிதர். மூக்கில் குழாய். அவர் காலடியில் ஆக்சிஜன் மெஷின் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, அவருக்கும் சேர்த்து.

"என்னடி, வேல நேரத்துல வந்துருக்க? பஸ்ஸ எங்கயாவது மோதிட்டியா?"

"இல்லம்மா."

"பயமுறுத்தாத. மூஞ்சிய அப்படி வெச்சுக்கிட்டு வந்தா யாரோ செத்துட்டாங்கன்னு நெனப்பேன். விர்ஜில், நீங்க இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்," என்றார் விர்ஜில் உள்ளிருந்து. "சூப்பு குடிச்சப்புறம் வேணா போறேன்."

மார்னி சிரிக்கவில்லை. சமையலறை மேசையில் படிவத்தை விரித்தாள். டார்லா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி, ஒரு விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ஐந்தாவது கேள்வியில் விரல் நின்றது.

"ஓ," என்றாள்.

"செய்ய மாட்டேன்னு சொன்னியேம்மா."

"செய்யக் கூடாதுன்னுதான் இருந்தேன்." டார்லா எதிரில் உட்கார்ந்தாள். "ரெண்டு வருஷம் முன்னாடி, அவருக்கு மெஷின் வந்த புதுசு. என் பேர்ல பழைய பாக்கி, அவர் பேர்ல ஆஸ்பத்திரிப் பாக்கி. போன்ல கரண்ட் கம்பெனிப் பையன் கேட்டான். பேரு யாரோடதுன்னு கேக்கல, ஆளு யாருன்னு கேக்கல. அந்த ஒம்பது இலக்க நம்பர்தான் கேட்டான். உன்னோடத குடுத்தேன். கட்டத்தான் நெனச்சேன் மார்னி. ஆறு மாசம் கட்டவும் செஞ்சேன்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ குடுத்திருப்ப. அதான் கேக்கல." அதை ஒரு நியாயமாகவே சொன்னாள் அம்மா. "எங்க தெருவுல எல்லார் வீட்டு லைட்டும் புள்ளைங்க பேர்லதான் எரிஞ்சுது. மூணாவது வீட்டு லாய்டுக்கு மூணு வயசுல கரண்டு, கேஸு, கேபிள் டிவி எல்லாம் இருந்துச்சு. தெருவுலயே பெரிய பணக்காரன் அவன்தான், மூக்கு ஒழுக நின்னுட்டிருப்பான்."

மார்னிக்குத் தொண்டையில் சிரிப்பு வந்து பாதியில் வேறு ஏதோ ஆனது. அம்மா கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வீடு போயிடுமா?"

"பதினாறு புள்ளிம்மா. மாசக் கடைசிக்குள்ள."

"அப்ப எழுது."

"அம்மா..."

"எழுதுடி. என்ன பண்ணுவாங்க? அம்பத்தொம்பது வயசுக் கெழவிய எண்ணூறு டாலருக்கு ஜெயில்ல போட்டா அவங்களுக்குத்தான் சாப்பாட்டுச் செலவு." பேனாவை அவளே எடுத்து மூடியைக் கழற்றினாள். "பேரு முழுசா எழுது. டார்லா ஜீன். நடுப் பேரு இல்லன்னா திருப்பி அனுப்பிருவானுங்க. இந்த எடத்துல 'எனக்குத் தெரியாமல்'னு போடு. 'தெரிந்திருக்கவில்லை என நினைக்கிறேன்' அப்படி இப்படின்னு இழுக்காத. இழுத்தா சந்தேகம் வரும்."

மார்னி எழுதினாள். அம்மா சொல்லச் சொல்ல, பள்ளியில் டிக்டேஷன் எழுதுவது போல. உறவு என்ற கட்டத்தில் 'தாய்' என்று எழுதியபோது எழுத்து வழக்கத்தைவிட அழகாகவே வந்தது.

"சூப்பு எடுக்கறேன், சாப்ட்டுட்டுப் போ," என்று டார்லா எழுந்தாள். அவள் நகர்ந்ததும் குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுதாகத் தெரிந்தது. காந்த வில்லையின் கீழே ஒரு கரண்ட் பில் செருகியிருந்தது. சிவப்பு வரி போட்ட பில். இந்த மாதத்தது.

பெயர்: ஜூன் மேரி டாக்கெட்.

ஒரு கணம் அது யார் என்று மார்னிக்குப் புரியவில்லை. ஜூனியை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பிறப்புச் சான்றிதழில் மட்டும் இருக்கும் பெயர்.

"அம்மா. இது என்ன?"

டார்லா திரும்பவில்லை. கரண்டி பாத்திரத்தில் அப்படியே நின்றது.

"அவளுக்கு ஏழு வயசும்மா!"

"தெரியும். என் பேத்திதானே." டார்லா கரண்டியை விட்டுவிட்டுத் திரும்பினாள். "உன் பேரையும் வசூலுக்கு அனுப்பிட்டாங்க, கரண்ட் புடுங்கிட்டாங்க. மெஷினுக்கு பேட்டரி நாலு மணி நேரந்தான். நீ போன வருஷம் அவள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லி அவளோட நம்பர் இருக்குற கார்டு குடுத்த. நான் வேற எங்க போவேன்?"

"எவ்ளோ பாக்கி?"

"நானூறு. அதுக்குக் கொஞ்சம் மேல."

"நான் என் பேருக்கு மாத்திக்கறேன். இப்பவே போன் பண்றேன்."

"மாத்த மாட்டாங்க. உன் பேர்ல பழைய பாக்கி நிக்குதே. அது போலீஸ் பேப்பர்ல போயி அழியற வரைக்கும் ஒனக்குக் குடுக்க மாட்டாங்க." அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இதையெல்லாம் அவள் பலமுறை படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறாள். "அழிஞ்சப்புறமும் மாத்திக்காத. வீட்டுக் கடன் கைக்கு வர்ற வரைக்கும் உன் பேர்ல புதுசா எதுவும் வரக் கூடாது. பில்ல கட்டறதுக்கு அவருக்கு சுரங்கத்துல நுரையீரல் போனதுக்கான நஷ்டஈட்டுப் பணம் மார்ச்சுல வருது. ஏப்ரல் வரைக்கும் விட்டுரு. அவ்ளோதான் கேக்கறேன்."

"விடறதா?"

"இந்த பேப்பர்ல உன்னோடத மட்டும் எழுது. அவளோடத எழுதாத. அவளோடத எழுதுன அன்னிக்கே இங்க லைட்டு போயிரும்." டார்லா கூடத்தின் பக்கம் பார்த்தாள். "ஏழு வயசுப் புள்ளைக்கு ஸ்கோர் எதுக்குடி? வீடா வாங்கப்போறா?"

கூடத்தில் மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. விர்ஜில் எல்லாம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

மார்னி சூப்பைக் குடித்தாள். எப்படிக் குடித்தாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பிற்பகல் சுற்றுக்குக் கிளம்பினாள். பேருந்தில் முப்பத்தொரு பிள்ளைகளை ஏற்றினாள். தலைக்கு மேலிருந்த நீளக் கண்ணாடியில் அவர்கள் முகங்கள் வரிசையாகத் தெரிந்தன. இவர்களில் எத்தனை பேர் பேரில் எங்கே எத்தனை விளக்கு எரிகிறதோ? மோட்டல் நிறுத்தத்தில் அந்த இரண்டு பிள்ளைகளும் இறங்கியபோது அவள் முதல்முறையாக அறைக் கதவுக்குள் பார்த்தாள். ஒரே கட்டில். கட்டில்மேல் ஒரு மின் அடுப்பு.

மறுநாள் காலைச் சுற்று முடிந்ததும் காவல் நிலையம். க்ளைன் என்ற இளம் அதிகாரி படிவத்தை நிதானமாகப் படித்தார்.

"உங்க அம்மாவா?"

"ஆமா."

"இந்த மாதிரி நெறைய வருது," என்றார். அவர் குரலில் இருந்த இரக்கத்தை அவளால் தாங்க முடியவில்லை. "வழக்கு போடறதும் விடறதும் அரசு வக்கீல் கையில. இந்தத் தொகைக்குப் பெரும்பாலும் ஒரு கடுதாசியோட முடிஞ்சிரும். ஆனா நான் உறுதியா சொல்ல முடியாது. சரியா?"

"சரி."

"ஒரு கேள்வி. இப்படிச் செய்யறவங்க ஒரு பேரோட நிறுத்த மாட்டாங்க. உங்க வீட்ல வேற யாரு பேர்லயாவது இருக்கா? குழந்தைங்க இருக்காங்களா?"

சுவரில் கடிகாரம் இருந்தது. அதன் முள் நகரும் சத்தம் கேட்டது, அல்லது கேட்டது போல இருந்தது. ஜூனி என்று சொன்னால் அவர் இன்னொரு படிவத்தை எடுப்பார். அது மின் நிறுவனத்துக்குப் போகும். நான்கு மணி நேர பேட்டரி. வெளியே ஜனவரி. ஒரு புகார் இருந்தால் கடிதத்தோடு முடியும், இரண்டு இருந்தால் முடியாது. சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. இன்றைக்கு ஒன்றும் நடக்காது. அவள் சின்னப் பெண். பத்துப் பதினோரு வருடத்தில் எத்தனையோ செய்துவிடலாம். மார்ச்சில் அந்தப் பணம் வரும். வராவிட்டால் நானே கட்டுவேன், வீடு கைக்கு வந்தபிறகு.

இவ்வளவும் எவ்வளவு வேகமாக, எவ்வளவு பழகிய பாதையில் போவது போல அவள் மனதில் ஓடி முடிந்தது!

"ஒரு பொண்ணு இருக்கா," என்றாள். "அவ பேர்ல ஒண்ணும் இல்ல. இது மட்டும்தான்."

க்ளைன் எழுதிக்கொண்டார். "நல்லது," என்றார்.

கழிப்பறையில் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். இன்னொரு முறை கழுவினாள்.

அடுத்த வாரம் புதன்கிழமை டீட்ரா கூப்பிட்டாள். குரலிலேயே சிரிப்பு தெரிந்தது. "தூக்கிட்டாங்க மார்னி! மறுபடியும் எடுத்துப் பாத்தேன். அறுநூத்தி நாப்பத்தேழு. வாழ்த்துக்கள். உங்கள நம்பி தாராளமா கடன் குடுக்கலாம்."

நம்பி என்ற சொல் அவள் காதிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. முப்பத்திரண்டு வயதில் அவள் செய்த காரியங்களிலேயே அவளுக்கு மிகவும் அருவருப்பான இரண்டை ஒரே காலையில் செய்தாள். நாற்பத்து மூன்று புள்ளி கூடியது. அந்த எண் பொய் சொல்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. வீடு நெசம். மோட்டல் நெசம். அவளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்துகொள்ள அது கேட்டதும் இல்லை. இத்தனை வருடம் அது தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று பயந்திருந்தாள். யாரும் பார்க்கவில்லை. அது அதைவிடப் பயமாக இருந்தது.

ஜனவரி முப்பதாம் தேதி கையெழுத்துப் போட்டாள். ஸ்டாம்பா சாவியைக் கொடுப்பது போல வேடிக்கையாக அவளிடமிருந்தே சாவியை வாங்கி, திரும்ப அவள் கையில் வைத்தார். அன்று பள்ளி விட்டதும் ஜூனி வீட்டுக்குள் ஓடி ஒவ்வொரு சுவரையும் தட்டினாள். "இது நம்மளோடது. இது நம்மளோடது. இதுவும்."

பிறகு மேசைமேல் இருந்த காகிதங்களைப் புரட்டினாள். "அம்மா, இது என்ன நம்பர்? அறுநூத்தி நாப்பத்தேழு?"

"அம்மா எவ்ளோ நல்லவன்னு போட்டிருக்காங்க."

"எவ்ளோக்கு?"

"எண்ணூத்தி அம்பதுக்கு."

ஜூனி மனதில் கணக்குப் போட்டாள். "பரவால்ல, பாஸ்," என்றாள் பெரிய மனுஷி போல. "எனக்கு எவ்ளோ?"

"ஒனக்கு இன்னும் வரல."

"பாரேன். ஒருவேள வந்திருக்கும்."

"வரலடா. போ, கை கழுவு."

குழந்தை போனபிறகும் மார்னி அங்கேயே நின்றாள். பிள்ளைகள் பேரில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பெற்றவர்கள் எழுதிக் கேட்கலாம் என்று டீட்ரா கொடுத்த தாளின் பின்பக்கத்தில் போட்டிருந்தது. மாடிக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, ஜூனி பிறந்ததும் அரசு கொடுத்த சமூகப் பாதுகாப்பு அட்டையை எடுத்தாள். விண்ணப்பத்தில் எழுதுவதற்காகத்தான். பேனா கீழே இருந்தது. ஒன்பது இலக்கங்களையும் ஒருமுறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். மூன்றாவது முறை, அம்மா போனில் சொல்லியிருப்பது போல, அட்டையைப் பார்க்காமலேயே சொல்ல முடிந்தது.

கீழே குழாய் நின்றது. "அம்மா," என்று ஜூனி கூப்பிட்டாள், "எங்க இருக்க?"

மார்னியின் உதடுகள் நாலாவது முறையாக அந்த இலக்கங்களைச் சொல்லிக்கொண்டிருந்தன.